சக்கர நாற்காலியின் பற்றறி: பேணும் முறையும் மின்னேற்றும் முறையும்

வயலில் உழுதுவிட்டு மாலையில் வீடு திரும்பும் எருதுக்கு முதலில் தண்ணீர் காட்டுகிறோம், வைக்கோல் போடுகிறோம். அதன் பின்னரே நாம் கைகால் கழுவிச் சாப்பிட அமர்கிறோம். மறுநாள் உழவு அந்த எருதில் தங்கியிருக்கிறது என்பதை நமக்கு எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. பற்றறியில் ஓடும் சக்கர நாற்காலியும் இத்தகையதே. பகல் முழுவதும் ஒருவரைச் சுமந்த பற்றறிக்கு இரவில் உணவு கொடுக்காவிட்டால், மறுநாள் அவர் வீட்டுக்குள்ளேயே கிடக்க நேரிடும்.

போரும் இடப்பெயர்வும் கண்ட நமது கிராமங்களில் செல்வீச்சினாலும் கண்ணிவெடியினாலும் கால்களை இழந்தவர்களும், முள்ளந்தண்டில் காயப்பட்டவர்களும் வாழ்கிறார்கள். கையால் சக்கரத்தை உருட்டும் வலுவும் இல்லாதவர்களுக்கே மின்சார நாற்காலி பெரிதும் உதவுகிறது. இந்த நாற்காலியின் வரலாற்றிலும் போருக்கு இடமுண்டு. இரண்டாம் உலகப் போரில் காயமடைந்து உடல் இயங்காது போன கனேடியப் படைவீரர்களுக்காக ஜோர்ஜ் கிளைன் என்னும் பொறியியலாளர் தம் குழுவினருடன் இத்தகைய நாற்காலி ஒன்றை உருவாக்கினார்.

பற்றறியின் இயல்பு

பெரும்பாலான நாற்காலிகளில் 12 வோல்ற்றுப் பற்றறிகள் இரண்டு தொடராக இணைக்கப்பட்டு 24 வோல்ற்று மின் பெறப்படுகிறது. பற்றறிக்குள் ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் உள்ளன. மின் குறையும்போது தகடுகளில் ஒரு படிவு உண்டாகிறது. உடனே மின்னேற்றினால் அது நீங்கிவிடும். நாட்கணக்கில் வெறுமையாக விட்டால் இறுகிவிடும். ஈரமாக இருக்கும்போது மண்வெட்டிக்கு இணங்கும் முருங்கன் களி, காய்ந்தபின் அலவாங்குக்கும் இணங்காதல்லவா? அதுபோலத்தான் இதுவும். பல பற்றறிகள் வயது முதிர்ந்து சாவதில்லை, பட்டினியால் சாகின்றன.

மின்னேற்றும் முறை

1. நாற்காலி ஓடிய ஒவ்வொரு நாளும் இரவில் மின்னேற்றுங்கள். நன்றாக இறங்கிய பற்றறி நிறைய 8 முதல் 12 மணி நேரம் வரை தேவைப்படலாம். இடையில் மின்தடை ஏற்பட்டால் மின் வந்ததும் தொடருங்கள்.

2. பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். சில மணி நேரம் ஓய்வாக இருந்த 12 வோல்ற்றுப் பற்றறி ஏறத்தாழ 12.7 வோல்ற்றுக் காட்டினால் நிறைந்துள்ளது, 12.2 காட்டினால் ஏறத்தாழப் பாதி. மழைக்காலத்தில் களி சக்கரத்தைப் பிடிக்கும்போது மின் விரைவாகச் செலவாகும். ஆகவே வழக்கமான தூரத்தை நம்பிக் குளக்கட்டுக்குப் போகவேண்டாம்.

3. நாற்காலிக்கென வந்த மின்னேற்றியை மட்டும் பயன்படுத்துங்கள். உழவு இயந்திரப் பற்றறிக்கு மின்னேற்றும் கருவி இதற்கு ஏற்றதல்ல. லிதியம் பற்றறி உள்ள நாற்காலிக்கு அதற்குரிய மின்னேற்றியே வேண்டும். மாற்றிப் போட்டால் தீப்பற்றலாம்.

4. நாற்காலியை நிறுத்தி, மின்னேற்றியை நாற்காலியில் செருகிய பின்னரே சுவர் சுவிச்சைப் போடுங்கள். முடிந்ததும் சுவர் சுவிச்சை முதலில் நிறுத்துங்கள்.

5. மூடிய வகைப் பற்றறியைத் திறக்கவோ, அதற்குள் தண்ணீர் விடவோ கூடாது.

6. நாற்காலி சில வாரங்கள் ஓடாவிட்டாலும் முழுமையாக மின்னேற்றி வையுங்கள். மாதம் ஒருமுறையாவது மீண்டும் ஏற்றுங்கள்.

மின்னேற்றும் இடம்

மின்னேற்றும்போது, சிறப்பாக அளவுக்கு மிஞ்சி ஏறும்போது, பற்றறியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவரும். அது காற்றைவிட இலேசானது. கூரையின் கீழ் தங்கும். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே ஒரு பொறி போதும், வெடித்துவிடும். கிடுகு வேய்ந்த கொட்டிலில் இதன் விளைவை விளக்கத் தேவையில்லை. எனவே குப்பி விளக்கு, அடுப்பு, நுளம்புத்திரி, பீடி எதுவும் அருகில் வேண்டாம். யன்னலைத் திறந்து வையுங்கள். மின்னேற்றியைப் பாயின் மேலோ துணியின் கீழோ வைக்காதீர்கள். ஈரத் தரையும் ஒட்டுப்போட்ட வயரும் உயிருக்கு ஆபத்து.

வெயிலும் பற்றறிக்குப் பகைதான். வெப்பம் 10 பாகை கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். தகரக் கொட்டிலில் அல்ல, வேப்பமர நிழலில் நாற்காலியை நிறுத்துங்கள்.

வீட்டு விளக்குக்கு எடுக்கலாமா?

2022ஆம் ஆண்டு மின்வெட்டு நாள்தோறும் பல மணி நேரம் நீடித்தபோது நாம் சென்ற ஒரு வீட்டில், நாற்காலியின் ஒரு பற்றறியில் வயர் கொழுவி விளக்கு எரித்தார்கள். தங்கை பரீட்சைக்குப் படித்தாள். நாற்காலிக்குரிய தமையன் ஒன்றும் சொல்லவில்லை. சில வாரங்களில் நாற்காலி வீதியில் நின்றுவிட்டது. பொழுதுபட்ட பின்னரே அவரைத் தேடி ஆட்கள் போனார்கள். "அவளின்ர படிப்பெல்லோ, ஃபாதர்" என்று மட்டும் அவர் சொன்னார்.

காரணம் எளிது. ஒரு நுகத்தில் பூட்டிய இரு எருதுகளில் ஒன்றை மட்டும் பட்டினி போட்டால் ஏர் எப்படி நகரும்? ஒரு பற்றறியில் மட்டும் மின் எடுத்தால் அது வெறுமையாகும், மற்றது நிறைந்திருக்கும். பின்னர் இரண்டையும் சேர்த்து மின்னேற்றும்போது நிறைந்தது மிஞ்சி ஏறும், வெறுமையானது நிறையாது. இரண்டும் பழுதாகும்.

விளக்குக்கு ஒரு சிறு சூரிய விளக்கைத் தனியாக வாங்குங்கள். இது சிக்கனம் மட்டுமல்ல, நீதியும் ஆகும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016ஆம் ஆண்டு ஏற்புறுதி செய்தது. அதன் 20ஆம் உறுப்புரை, தாமாக நடமாடும் வாய்ப்பை அவர்களுக்கு உறுதி செய்யச் சொல்கிறது. பற்றறி அவருடைய கால். ஒருவர் பேசாதிருப்பதை அவருடைய சம்மதமாக நாம் எடுத்துக்கொள்ளலாகாது.

விபத்து நேர்ந்தால்

அமிலம் கண்ணில் பட்டால் உடனே சுத்தமான தண்ணீரால் 20 நிமிடமாவது கழுவி, வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். தோலில் பட்டாலும் நனைந்த உடையை நீக்கித் தாராளமாகக் கழுவுங்கள். தரையில் சிந்தினால் அப்பச்சோடாவைத் தூவுங்கள். பற்றறியைக் கழற்றுபவர் மோதிரம், காப்பு, சங்கிலி அணியலாகாது. இரும்புச் சாவி இரு முனைகளையும் ஒருசேரத் தொட்டால் பொறி பறக்கும்.

பழைய பற்றறி

பழைய பற்றறியை உடைத்து, வலைக்கு ஈயக் குண்டு வார்க்க வேண்டாம். செனகல் நாட்டில் டாக்கார் நகருக்கு அருகே, பற்றறி ஈயம் கலந்த மண்ணாலும் புழுதியாலும் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தார்கள். ஈயம் பிள்ளைகளின் மூளையையே முதலில் தாக்கும். பழையதை முழுமையாகவே பற்றறிக் கடையில் கொடுங்கள்.

நிறைவாக

கப்பர்நாகூமில் முடக்குவாதமுற்ற ஒருவரை நான்குபேர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து ஆண்டவர் முன் இறக்கினார்கள். அந்த நால்வரின் வேலையை இன்று பற்றறி செய்கிறது. ஆனால் சுவிச்சைப் போட அதற்குத் தெரியாது. அதற்கு வீட்டில் ஒருவர் வேண்டும்.

குழுவில் கலந்துரையாட

1. நமது கிராமத்தில் மின்சார நாற்காலி உள்ள வீடுகளில் இரவில் மின்னேற்றும் பொறுப்பு யாருடையது?

2. மின்தடை நீண்டால், அயலில் சூரிய மின்சாரம் உள்ள வீட்டார் எவ்வாறு உதவலாம்?

3. நாற்காலியில் இருப்பவரை இக்கூட்டத்திற்கு அழைத்தோமா? அவர் என்ன சொல்கிறார்?