நாய் தள்ளாடினால் தடியைத் தேடாதீர்கள், உண்ணியைத் தேடுங்கள்!



சில மாதங்களுக்கு முன், காலைப் பெரட்டு முடிந்த கையோடு ஓர் அண்ணன் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். "ஐயா, நம்ம நாய் ரெண்டு நாளா தள்ளாடுது. தலையை ஒரு பக்கமா சாய்ச்சிக்கிட்டே நடக்குது. வெறி புடிச்சிருச்சுன்னு லயத்துல சொல்றாங்க. அடிச்சுப் போட்டுரலாமா?" என்று கேட்டார்.

நான் மனிதருக்கு மருந்து கட்டுபவன்; மிருக டாக்டர் அல்ல. ஆனாலும் இதே மாதிரிக் கேள்விக்கு ஒரு காலத்தில் தப்பான பதில் சொன்னவன் நான். ஆகவே இம்முறை இதைப் பற்றியே எழுதுகிறேன்.

நம் லயங்களில் நாய்க்கு உண்ணி இருப்பது சகஜம். "உண்ணிதானே" என்று விட்டுவிடுகிறோம். பழுப்பு நிறமான இந்த நாய் உண்ணி கடிக்கும்போது இரண்டு விதமான கிருமிகளை ரத்தத்தில் ஏற்றிவிடக்கூடும். ஒன்று எர்லிக்கியா. இது வெள்ளை அணுக்களுக்குள் புகுந்து வாழும். 1935-ல் அல்ஜீரியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 1960-களில் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் ராணுவ நாய்களும், வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவ நாய்களும் மூக்கில் ரத்தம் வடிந்து செத்ததற்கு இதுவே காரணம். மற்றொன்று பபேசியா. இது மலேரியாக் கிருமியைப் போலச் சிவப்பு அணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைக்கும் ஒட்டுண்ணி.

ரத்தத்தில் இருக்கும் நோய்க்கும் நரம்புக்கும் என்ன சம்பந்தம்? டெங்கிக் காய்ச்சலில் தட்டணுக்கள் குறைவதை அறிவீர்கள். எர்லிக்கியாவிலும் அப்படித்தான். தட்டணுக்கள் குறைந்தால் ரத்தம் உறையாது. மூக்கில் கசிவது நம் கண்ணுக்குத் தெரியும். மூளையில் கசிவது தெரியாது. மூளையைச் சுற்றியுள்ள சவ்வும் வீங்கும். பபேசியா கண்ட சிவப்பு அணுக்களோ, சில வேளைகளில் மூளையின் மெல்லிய ரத்தக் குழாய்களை அடைத்துவிடும். அதனால்தான் நாய் தள்ளாடுகிறது, தலை சாய்கிறது, வலிப்பு வருகிறது, பின்னங்கால் இழுக்கிறது, திடீரென்று கண் தெரியாமல் சுவரில் முட்டுகிறது.

இன்னொரு விஷயம். காய்ச்சல் தானாக விட்டு, நாய் நன்றாகத் தின்று திரியலாம். ஆனால் கிருமி உடம்புக்குள் மாதக்கணக்கில், ஏன், வருடக்கணக்கில் ஒளிந்திருந்து பிறகு வெளிப்படும். "இப்ப உண்ணியே இல்லையே" என்பது சமாதானம் ஆகாது.

இனி என் தப்பைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒருவர் தம் நாய் சோர்ந்து படுத்திருக்கிறது, உடம்பு சுடுகிறது என்றார். நானும் யோசிக்காமல் இரண்டு ஆஸ்பிரின் மாத்திரை கொடுத்தேன். மறுநாள் மூக்கில் ரத்தம் நிற்கவில்லை. அன்றிரவு வலிப்பு வந்து செத்தது. ஆஸ்பிரின் ரத்தம் உறைவதைத் தடுக்கும். டெங்கிக்குக் கொடுக்கக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லும் நானே அதைச் செய்தேன். அந்தக் குற்ற உணர்ச்சி இன்றும் போகவில்லை.

எல்லாத் தள்ளாட்டமும் உண்ணியால் வருவதல்ல என்பதையும் நினைவில் கொள்க. வெறிநோயிலும் நாய் தள்ளாடும், தாடை தொங்கும், எச்சில் வடியும். 2015-ல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநோய் வந்தது. 2017 முதல் சரவாக்கில் மனித உயிர்களையும் பறித்திருக்கிறது. நமக்குப் பார்த்த மாத்திரத்தில் வித்தியாசம் தெரியாது. ஆகவே பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். கீழ்க்கண்டபடி செய்யுங்கள்:

1. தள்ளாடும் நாயை அடிக்காதீர்கள். கடிபடாமல் ஓர் இடத்தில் அடைத்து வையுங்கள். பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். வாய்க்குள் கைவிட்டு மருந்து புகட்டாதீர்கள்.

2. கடித்துவிட்டால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே கிளினிக்குக்கு வாருங்கள்.

3. மிருக டாக்டருக்கோ கால்நடைத் துறைக்கோ தகவல் சொல்லுங்கள். ரத்தம் சோதித்தால் உண்ணிக் காய்ச்சல் தெரிந்துவிடும். எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின் மருந்து உண்டு. சுமார் 4 வாரம் விடாமல் கொடுக்க வேண்டும். பபேசியாவுக்கு மருந்து வேறு. அளவை டாக்டரே சொல்ல வேண்டும்.

4. நம் மாத்திரை எதையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள்.

5. தோட்டத்தில் அடிக்கும் பூச்சி மருந்தைக் கலக்கி நாயைக் குளிப்பாட்டாதீர்கள். அந்த விஷமே நடுக்கத்தையும் வலிப்பையும் கொண்டுவரும். மண்ணெண்ணெயும் வேண்டாம்.

6. நல்லாயிருக்கும் நாய்க்குத் தினமும் காது, கழுத்து, கால்விரல் இடுக்கு எல்லாம் பாருங்கள். உண்ணியைச் சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நகத்தால் நசுக்காதீர்கள்.

7. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும், அதுவும் சுவர் வெடிப்பிலே. நாய் படுக்கும் சாக்கைக் கொதிநீரில் போடுங்கள், வெடிப்புகளைப் பூசுங்கள். ஒரு வீடு மட்டும் செய்து பயனில்லை. லயமே சேர்ந்து செய்ய வேண்டும்.

அந்த அண்ணன் நாயை அடிக்கவில்லை. கோழிக்கூண்டில் அடைத்துவிட்டு டாக்டரை வரவழைத்தார். உண்ணிக் காய்ச்சல்தான் என்று தெரிந்தது. மருந்து முடிந்துவிட்டது. தலை இன்னும் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கிறது. ஆனால் ராத்திரியில் வாசலில் காவல் இருக்கிறது. நமக்குக் காவல் இருக்கும் வாயில்லா ஜீவனுக்கு இந்த அளவாவது நாம் செய்ய வேண்டாமா?