நெரிசல் எங்கே நோயாகிறது?



நமது மஹல்லாவில் பிழைப்புக்காகப் பெருநகரத்துக்குப் பிள்ளைகளை அனுப்பாத வீடு குறைவு. அங்கே ஒரே அறையில் ஆறு பேர், எட்டு பேர் என்று தங்குகிறார்கள். "பட்டணத்தில் ஜனம் பெருத்துவிட்டது, என்ன செய்வது?" என்று நாமும் விட்டுவிடுகிறோம். ஜனம் பெருத்தது மட்டும்தான் காரணமா? இம்மாதப் பாடத்தில் மும்பையை வைத்து இதைப் பார்ப்போம்.

மும்பை நமக்கு அந்நியமான ஊர் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தமிழகத்து முஸ்லிம்கள் தாராவிக்குச் சென்று தோல் பதனிடும் தொழில் செய்தார்கள். துறைமுகமும் பஞ்சாலைகளும் நாலா பக்கத்திலிருந்தும் மக்களை அழைத்தன. வேலை பெருகிய வேகத்தில் ஏழைக்குக் கட்டுப்படியாகும் வீடு பெருகவில்லை. 2011 கணக்கெடுப்பில் மாநகரின் மக்கள்தொகை 1.24 கோடி. அவர்களில் பத்துக்கு நான்கு பேர் குடிசைப் பகுதிகளில் இருந்தார்கள்.

1896இல் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி பகுதியில் பிளேக் தோன்றியது. காற்றும் வெளிச்சமும் இல்லாத நெருக்கமான வீடுகளே காரணம் என்று கருதி, 1898இல் நகர மேம்பாட்டு அமைப்பு ஒன்றை அரசு ஏற்படுத்தியது. பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டன, அகலமான சாலைகள் வந்தன. ஆனால் வீடிழந்த ஏழைகளுக்குப் போதிய மாற்று வீடு கிடைக்கவில்லை. அவர்கள் பக்கத்துத் தெருக்களில் இன்னும் நெருக்கமாகக் குடியேறினார்கள். நெரிசல் இடம் மாறியதே தவிரக் குறையவில்லை.

2020 ஜூலையில் மும்பையின் மூன்று வார்டுகளில் கொரோனா தொற்று பற்றி இரத்தப் பரிசோதனை நடந்தது. குடிசைப் பகுதிகளில் நூற்றுக்கு 57 பேருக்குத் தொற்று வந்து போன அடையாளம் இருந்தது. அதே வார்டுகளின் மற்றக் குடியிருப்புகளில் அது 16 பேருக்கு மட்டுமே. ஊரும் ஒன்று, வார்டும் ஒன்று. ஆனால் ஒரு சாராருக்கு ஒற்றை அறையும் பொதுக் கழிப்பறையும். மறு சாராருக்குத் தனி வீடு, தனிக் குழாய். மாடிக் குடியிருப்பிலும் நிறையப் பேர் வாழ்கிறார்கள். ஆகவே ஊரில் எத்தனை பேர் என்பதைவிட, ஓர் அறைக்கு எத்தனை பேர், ஒரு கழிப்பறைக்கு எத்தனை பேர் என்பதே முக்கியமான கேள்வி.

இதிலிருந்து நாம் செய்யக்கூடியவை மூன்று.

1. பிள்ளையை அனுப்பும் முன் சம்பளத்தோடு தங்குமிடத்தையும் விசாரியுங்கள். ஜன்னல் உண்டா? ஓர் அறையில் எத்தனை பேர்? வாடகைக்குச் சில நூறு கூடினாலும் காற்றுள்ள அறையே இலாபம்.

2. ஜன்னலற்ற அறையில் காசநோய் எளிதில் பரவும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்யுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். உடன் தங்கியிருப்பவர்களையும் பரிசோதிக்க வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் அறையில் உள்ள அனைவருக்கும் ஆபத்து.

3. நம்மில் வீடு வாடகைக்கு விடுவோர் உண்டு. ஓர் அறையைத் தடுத்து இரண்டாக்கி, இருக்கும் ஜன்னலையும் அடைத்து வாங்கும் வாடகையில் பரக்கத் இருக்குமா என்று சிந்தியுங்கள். குடியிருப்பவரும் நம் அண்டை வீட்டார்தாம். அவருக்கும் நம்மீது ஹக் உண்டு.

நகரத்தின் ஜனத்தொகை நம் கையில் இல்லை. நம் பிள்ளை தூங்கும் அறையும், நாம் வாடகைக்கு விடும் அறையும் நம் கையில் இருக்கின்றன. வல்ல அல்லாஹ் நம் குடும்பங்களுக்கு ஆஃபியத்தைத் தந்தருள்வானாக, ஆமீன்.