ஆட்டுப் பாலில் சீஸ்: குட்டி குடித்தது போக மிச்சம் இருந்தால் தொழில்



ஏற்காட்டு மலைக் கிராமங்களில் குழுக்கடன் கிடைத்ததும் நம்மில் பலர் முதலில் வாங்குவது வெள்ளாடுதான். பிள்ளைக்குப் பள்ளிச் செலவு, ஆஸ்பத்திரிச் செலவு என்று வந்தால் ஒரு கிடாவை விற்றுச் சமாளிக்கிறோம். ஆனால் பாலை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. போன கூட்டத்தில் ஓர் அக்கா கேட்டார்: "டவுன்ல ஆட்டுப் பால் சீஸ் விக்குதாமே, நாம செஞ்சா என்ன?" அதற்காகத்தான் இந்தப் பாடம்.

சீஸ் என்றால் என்ன?

பாலைத் திரிய வைத்து, தண்ணீரை வடித்து, உப்புச் சேர்த்து வைப்பதே சீஸ். நம் பன்னீரும் அதற்குச் சொந்தம்தான். சென்னையில் 2016-ல் அனுராதா கிருஷ்ணமூர்த்தி, நம்ரதா சுந்தரேசன் என்ற இரண்டு பெண்கள் 'கேஸே' என்ற பெயரில் சீஸ் தொழில் தொடங்கினார்கள். மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கு அதில் வேலை கொடுத்தார்கள். பெரிய ஆலை இல்லாமலும் சீஸ் செய்யலாம் என்பதற்கு இது உதாரணம்.

எந்த ஆடு?

நம் பக்கத்துச் சேலம் கருப்பு ஆடு கறிக்குப் பேர் போனது. பால் குறைவு. தலைச்சேரி, ஜமுனாபாரி ஆடுகள் கூடுதலாகக் கறக்கும். எந்த ஆடானாலும் சீம்பால் முழுவதும் குட்டிக்கே. அதன் பிறகும் குட்டி வயிறாரக் குடித்தது போக மிஞ்சுவதுதான் நமக்கு. குட்டியின் வாயைக் கட்டிப் பால் கறந்தால், நாளைக்குச் சந்தையில் அதன் எடை குறையும். சீஸில் வந்த காசு அங்கே போய்விடும்.

காய்ச்சாத பால் வேண்டாம்

மால்டா தீவில் பலரை ஒரு காய்ச்சல் வாட்டியது. அதற்குக் காரணமான கிருமி ஆடுகளிடம் இருப்பதை 1905-ல் தெமிஸ்டோக்கிளிஸ் சாமிட் என்ற மருத்துவர் கண்டுபிடித்தார். 1906-ல் அங்கிருந்த பிரிட்டிஷ் படைவீரர்களுக்கு ஆட்டுப் பால் நிறுத்தப்பட்டதும் அவர்களிடம் காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. அந்த நோயின் பெயர் புருசெல்லோசிஸ். ஆட்டுக்குச் சினை கலைந்தால் அதன் பாலை எடுக்காதீர்கள். கலைந்ததை வெறும் கையால் தொடாதீர்கள். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மடிநோய்க்கு ஊசி போட்ட ஆட்டின் பாலையும் மருத்துவர் சொல்லும் நாள் வரை ஒதுக்குங்கள்.

வீட்டில் செய்து பார்க்க

தேவை: பால் 2 லிட்டர், எலுமிச்சம்பழம் 3, உப்பு ஒரு சின்ன ஸ்பூன், சுத்தமான மெல்லிய வெள்ளைத் துணி.

1. கையையும் மடியையும் கழுவித் துடைத்துக் கறக்கவும். கிடாவைத் தள்ளிக் கட்டவும். நாங்கள் முதல் தடவை கிடாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கறந்தோம். பாலில் மொச்சை வாடை ஏறி, செய்தது அத்தனையும் வீணானது.
2. பாலை வடிகட்டி, அடிபிடிக்காமல் கிண்டி, 85 டிகிரி வரை சூடாக்கவும். வெப்பமானி இல்லையென்றால் ஒரு கொதி வந்ததும் இறக்கவும்.
3. எலுமிச்சைச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடவும். பால் திரிந்து பொடிப்பொடியாக வரும்.
4. பத்து நிமிடம் கழித்துத் துணியில் வடித்து, உப்பைக் கலந்து, மூட்டையாகக் கட்டி 2 மணி நேரம் தொங்கவிடவும்.
5. குளிர்பெட்டியில் வைத்து நான்கைந்து நாளுக்குள் சாப்பிடவும்.

ஏறக்குறைய கால் கிலோ கிடைக்கும். வெள்ளை வெளேரென்று இருக்கும்.

கடைகளில் விற்கும் மிருதுவான ஆட்டுச் சீஸ் வேறு முறை. பாலை 63 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, ஆறவிட்டு, உறை நுண்ணுயிரும் சில துளி ரென்னட்டும் விட்டு, 20 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சியில் ஒரு நாள் உறைய விடுவார்கள். கீழ்நாட்டில் இதற்குக் குளிர்சாதன அறை வேண்டும். 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் நமக்கு அந்தக் குளிர்ச்சி பல மாதம் சும்மாவே கிடைக்கிறது. ஆனாலும் இதைப் பயிற்சி எடுத்த பிறகே செய்ய வேண்டும்.

விற்பதற்கு முன்

உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு, குளிர்பெட்டி, கரண்ட் போனால் மாற்று ஏற்பாடு எல்லாம் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் வாங்குபவர் வேண்டும். ஏற்காட்டு ஓட்டல்களிலும் விடுதிகளிலும் கேட்டுப் பார்த்த பிறகு கடனைப் பற்றி யோசிப்போம்.

குழுக் கூட்டத்தில் பேச

• நம் குழுவில் கறவையில் உள்ள ஆடுகள் எத்தனை?
• குட்டி குடித்தது போக ஒரு வாரம் மிஞ்சிய பால் எவ்வளவு? தினமும் அளந்து நோட்டில் எழுதுங்கள்.
• அந்தப் பாலை நம் பிள்ளைகளுக்கே காய்ச்சிக் கொடுப்பது மேலா, சீஸாக்குவது மேலா?

பதிலை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். கணக்கு சரியாக வந்தால் சேர்ந்து தொடங்குவோம். வராவிட்டால், கடன் வாங்காமலே தெரிந்துகொண்டோம் என்பதே நமக்கு லாபம்.