ஆங்கில நாடகப் பாடமும் வீட்டுத் திரையும்

வெளிமாநிலங்களில் வளரும் நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் ஓர் அந்நிய மொழி அல்ல. பள்ளியில் ஆங்கிலம், தெருவில் இந்தியோ மராத்தியோ வங்காளமோ, வீட்டில் தமிழ் என்று மூன்று மொழிகளில் சரளமாகப் பழகுகிறார்கள். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் ஷேக்ஸ்பியர் நாடகம் பாடமாக வந்ததும் அதே பிள்ளைகள் திணறுகிறார்கள். இதில் வியப்பில்லை. அது நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலம். நன்றாகத் தமிழ் பேசும் பிள்ளையிடம் உரை இல்லாமல் சிலப்பதிகாரத்தைக் கொடுத்தால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கும் ஆகிறது.

இந்த நேரத்தில் பெற்றோர் பலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். "நாங்கள் தமிழ் மீடியத்தில் படித்தவர்கள், இதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்லி, கடையில் ஒரு நோட்ஸ் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளை விடைகளை மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறது. நாடகம் மட்டும் கை நழுவிப் போய்விடுகிறது. பிள்ளையின் படிப்பில் நமக்கு இருந்த பங்கும் அத்துடன் குறைந்துவிடுகிறது.

இதற்கு ஒரு நல்ல வழி, நாடகத்தின் திரைப்பட வடிவத்தைப் பிள்ளையோடு சேர்ந்து பார்ப்பது. நாடகம் நடிப்பதற்காக எழுதப்பட்டது. நடிப்பைப் பார்த்து நயம் சொல்ல ஆங்கிலப் புலமை அவசியமில்லை. ஆனால் படத்தைப் பாடத்துக்குப் பயன்படுத்த ஒரு முறை இருக்கிறது. அதை இரண்டு நாடகங்களையும் ஒரு கவிதையையும் கொண்டு விளக்குகிறேன்.

எந்தப் படங்கள் இருக்கின்றன?

கல்விக்கு மிகவும் பயன்படும் தொகுப்பு, பி.பி.சி. நிறுவனம் 1978 முதல் 1985 வரை தயாரித்த தொலைக்காட்சி வரிசை. ஷேக்ஸ்பியரின் 37 நாடகங்களும் அதில் உள்ளன. மூல வசனம் பெரும்பாலும் இருக்கும் என்பதால் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பின்தொடரலாம். அரங்க அமைப்பு எளிமையானது. இன்றைய பிள்ளைகளுக்குச் சற்று மெதுவாகப் போவதுபோலத் தோன்றும்.

சிறு பிள்ளைகளுக்கு 1992லும் 1994லும் வெளிவந்த பன்னிரண்டு அசையும் சித்திரப் படங்கள் பொருத்தமானவை. பிரிட்டனில் உள்ள வேல்ஸ் நாட்டுத் தொலைக்காட்சியும் ரஷ்யச் சித்திரக் கலைஞர்களும் சேர்ந்து உருவாக்கியவை. ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கதைப்போக்கு மனதில் பதிய அது போதும்.

மூன்றாவது வகை, திரையரங்குகளுக்காக எடுக்கப்பட்ட படங்கள். இவை விறுவிறுப்பானவை. ஆனால் வசனத்தை நிறைய வெட்டியிருப்பார்கள். லாரன்ஸ் ஒலிவியே இயக்கி நடித்து, சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிசு பெற்ற 'ஹாம்லெட்' (1948) சுமார் இரண்டரை மணி நேரம் ஓடும். அதில் ரோசன்கிராண்ட்ஸ், கில்டன்ஸ்டெர்ன், ஃபோர்டின்பிராஸ் ஆகிய மூன்று பாத்திரங்களும் கிடையாது. கென்னத் பிரானா 1996ல் எடுத்த 'ஹாம்லெட்' வெட்டே இல்லாமல் நான்கு மணி நேரம் ஓடுகிறது. முதல் படத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தேர்வுக்குப் போகும் மாணவன், ஃபோர்டின்பிராஸ் பற்றிக் கேள்வி வந்தால் விழிக்க வேண்டியதுதான்.

'ஜூலியஸ் சீசர்': மன்றக் காட்சி

ஐ.சி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் இடம்பெற்றுவந்துள்ள நாடகம் இது. 1599ல் லண்டன் குளோப் அரங்கில் நடிக்கப்பட்டது. இதன் உயிர்நாடி மூன்றாம் அங்கத்தின் இரண்டாம் காட்சி. சீசர் கொல்லப்பட்டுக் கிடக்கிறான். கொன்றவர்களில் ஒருவனான புரூட்டஸ் முதலில் மக்கள் முன் பேசுகிறான். அவன் போனபின் சீசரின் நண்பன் ஆண்டனி பேசுகிறான். ஒரே கூட்டம் சிறிது நேரத்துக்குள் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் புரண்டுவிடுகிறது.

புத்தகத்தைத் திறந்து முதலில் பிள்ளைக்குக் காட்ட வேண்டியது, அந்தப் பக்கங்களின் அச்சமைப்பை. புரூட்டஸின் பேச்சு பக்கம் முழுக்க நிரம்பிய உரைநடை. ஆண்டனியின் பேச்சு அடி அடியாகப் பிரிந்த செய்யுள். ஷேக்ஸ்பியர் இதை வேண்டுமென்றே செய்திருக்கிறார். புரூட்டஸ் மக்களின் அறிவை நோக்கிப் பேசுகிறான். வாதம் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கிறது. ஆண்டனி அவர்களின் நெஞ்சை நோக்கிப் பேசுகிறான். அவனுக்குத் தாளம் தேவைப்படுகிறது. நம் மேடை நாடகங்களில் வசனம் ஓரிடத்தில் நின்று பாட்டு தொடங்குவதைக் கேட்டு வளர்ந்த பெற்றோருக்கு இது எளிதில் புரியும்.

அந்தச் செய்யுளின் கட்டமைப்பையும் நம் யாப்பை வைத்தே சொல்லிக் கொடுக்கலாம். ஆசிரியப்பாவில் பெரும்பாலும் அடிக்கு நான்கு சீர். ஷேக்ஸ்பியரின் நாடக அடிக்கு ஐந்து சீர். நம் கணக்கில் நெடிலடி. ஒவ்வொரு சீரிலும் பொதுவாக ஓர் அசை மெலிந்தும் அடுத்தது அழுந்தியும் வரும். தமிழ் யாப்பு குறில் நெடில் அளவைப் பார்க்கிறது. ஆங்கில யாப்பு குரலின் அழுத்தத்தைப் பார்க்கிறது. அடிகளின் இறுதியில் இயைபு கிடையாது. மேசையில் விரலால் தட்டிக்கொண்டே ஆண்டனியின் பேச்சை வாசித்தால் ஐந்து தட்டு விழுவதைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும்.

இப்போது படம். ஜோசப் மான்கிவிச் 1953ல் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படத்தில் புரூட்டஸாக ஜேம்ஸ் மேசன், ஆண்டனியாக மார்லன் பிராண்டோ, காசியஸாக ஜான் கீல்குட். பிராண்டோவின் பேச்சை நான்கு படிகளாகப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் அவன் கொலைகாரர்களைப் புகழ்கிறான். 'மதிப்புக்குரியவர்' என்று பொருள்படும் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான். ஒவ்வொரு முறையும் அதன் பொருள் கொஞ்சம் கொஞ்சமாகப் புளித்து, கடைசியில் வசையாகிவிடுகிறது. அடுத்து, சீசரின் உயிலைக் காட்டி, படிக்க மாட்டேன் என்று மறைக்கிறான். மூன்றாவது, மேடையிலிருந்து கீழிறங்கி, கத்திக்குத்துகளால் கிழிந்த மேலாடையைக் காட்டி, பிறகு உடலையே திறந்து காட்டுகிறான். கூட்டம் வெறிகொண்டு கிளம்பும்போது நான்காவதாக அவர்களைத் திருப்பி அழைத்து உயிலைப் படிக்கிறான். ரோமக் குடிமகன் ஒவ்வொருவனுக்கும் 75 டிராக்மா பணம், டைபர் ஆற்றங்கரைத் தோட்டங்கள் பொதுமக்களுக்கு. நம் ஊர்த் தேர்தல் கூட்டங்களில் நின்று கேட்ட எவருக்கும் இந்த உத்தி புதிதல்ல.

இடையில் ஓரிடம் முக்கியம். துக்கத்தால் பேச முடியவில்லை என்று ஆண்டனி சற்று நிறுத்துகிறான். படத்தில் அவன் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பும்போது, கேமரா அவன் முகத்தைக் காட்டுகிறது. அழுகிற முகமாக அது இல்லை. பின்னால் கூட்டம் என்ன பேசுகிறது என்று காது கொடுத்துக் கணக்குப் போடுகிற முகம். புத்தகத்தில் அந்தக் குறிப்பு இல்லை. அவன் நிறுத்துகிறான் என்பது மட்டுமே இருக்கிறது. ஆகவே அந்த முகம் இயக்குநரும் நடிகரும் சொல்லும் விளக்கவுரை. நம் இலக்கியத்தில் ஒரு பாடலுக்குப் பல உரைகள் இருப்பதுபோல, இதுவும் ஓர் உரை. "ஆண்டனியின் துக்கம் உண்மையா, நடிப்பா?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். பதில் எதுவானாலும், அதற்குச் சான்றாகப் புத்தகத்திலிருந்து ஓர் அடியைக் காட்டச் சொல்லுங்கள்.

1970ல் ஸ்டூவர்ட் பர்ஜ் இயக்கிய வண்ணப்படத்தில் ஆண்டனியாக சார்ல்டன் ஹெஸ்டன் நடித்தார். முதல் படத்தில் காசியஸாக வந்த கீல்குட் இதில் சீசராக வருகிறார். இரு ஆண்டனிகளையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஒரே வசனம் எத்தனை விதமாகப் பொருள் தரும் என்பது விளங்கும்.

'வெனிஸ் வணிகன்': படம் சேர்த்தது, படம் காட்டுவது

இந்த நாடகத்தில் ஷைலாக் யூதன். வட்டிக்குக் கடன் கொடுப்பவன். அவன் கொடியவனா, பிறரால் கொடுமைப்படுத்தப்பட்டவனா என்பது தேர்வில் அடிக்கடி வரும் கேள்வி. நோட்ஸ் புத்தகங்கள் இரு பக்கமும் நாலு வரி எழுதி முடித்துவிடும்.

மைக்கேல் ராட்ஃபோர்டு 2004ல் இயக்கிய படத்தில் அல் பசினோ ஷைலாக்காகவும் ஜெரமி அயன்ஸ் அந்தோனியோவாகவும் நடித்தார்கள். படம் 1596ஆம் ஆண்டு வெனிஸில் யூதர்கள் நடத்தப்பட்ட விதத்தைக் காட்டித் தொடங்குகிறது. நெரிசலில் அந்தோனியோ ஷைலாக்கின் மேல் துப்புகிறான். நாடகத்தில் இந்தக் காட்சி கிடையாது. முதல் அங்கத்தின் மூன்றாம் காட்சியில் ஷைலாக் தன் வாயால் அதைச் சொல்கிறான். அந்தோனியோவும் மறுக்கவில்லை, இனியும் அப்படிச் செய்யக்கூடும் என்றே பதில் தருகிறான். ஷைலாக் சொல்லிக் கேட்பது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. முதலிலேயே பார்த்துவிட்டதால் நம் இரக்கம் ஷைலாக் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

முடிவிலும் அப்படியே. நாடகத்தில் நான்காம் அங்க வழக்குமன்றக் காட்சியோடு ஷைலாக் போய்விடுகிறான். பிறகு வருவதே இல்லை. ஐந்தாம் அங்கம் காதலர்களின் களிப்பில் முடிகிறது. படமோ, மதம் மாற்றப்பட்ட ஷைலாக் தன் மக்களின் தொழுகைக் கூடத்துக்கு வெளியே தனியாக நிற்பதைக் காட்டுகிறது. தேர்வில் இந்தக் காட்சியை எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. ஆனால் அந்தக் காட்சியைப் பார்த்த பிள்ளை, கட்டாய மத மாற்றம் என்ற தீர்ப்பை இனி ஒரு வரிச் செய்தியாகப் படித்துக் கடந்துவிடாது.

பி.பி.சி. வரிசையில் 1980ல் வந்த 'வெனிஸ் வணிகன்' படத்தில் ஷைலாக்காக நடித்த வாரன் மிட்செல், இயக்குநர் ஜாக் கோல்ட், தயாரிப்பாளர் ஜோனதன் மில்லர் மூவரும் யூதர்கள். ஆனாலும் ஷைலாக்கை அவர்கள் நல்லவனாக்க முயலவில்லை. அவன் கோபமும் பிடிவாதமும் மூலத்தில் உள்ளபடியே வருகின்றன. பிற மொழி பேசும் ஊரில் சிறுபான்மையாக வாழும் நம் வீடுகளில் இந்த நாடகத்தைப் பேச நிறைய இருக்கிறது.

கவிதைக்கு ஒரு படம்

கவிதையைப் படமாக்கினால் பெரும்பாலும் மலரும் அருவியும் காட்டி ஒப்பேற்றிவிடுவார்கள். அதற்கு ஒரு விதிவிலக்கு, பிரிட்டிஷ் தபால் துறையின் படப்பிரிவு 1936ல் எடுத்த 'இரவுத் தபால்' என்ற செய்திப்படம். ஹாரி வாட், பேசில் ரைட் இயக்கியது. லண்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்கு இரவில் ஓடும் தபால் ரயிலைப் பற்றியது. சுமார் 25 நிமிடம். ஓடும் பெட்டியிலேயே கடிதங்களைப் பிரித்து அடுக்குவார்கள். நம் நாட்டில் ஆர்.எம்.எஸ். பெட்டிகளைப் பார்த்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களையும் உட்கார வையுங்கள்.

படத்தின் கடைசிப் பகுதிக்கு டபிள்யூ. எச். ஆடன் கவிதை எழுதினார். பெஞ்சமின் பிரிட்டன் இசை அமைத்தார். ரயில் மேடேறும்போது அடிகள் சீராக, மூச்சு வாங்கி நடக்கின்றன. இறக்கத்தில் சிற்றடிகளாகி ஓடுகின்றன. கவிதையின் சந்தம் சக்கரத்தின் ஓட்டத்தோடு இசைகிறது. சந்தம் என்பது அலங்காரமல்ல, பொருளின் ஒரு பகுதி என்பதை இதைவிட எளிதாகக் கற்பிக்க முடியாது. திருப்புகழின் சந்தம் தெரிந்தவர்கள் அதையும் சொல்லி ஒப்பிட்டுக் காட்டலாம்.

வீட்டில் பின்பற்ற வேண்டிய முறை

1. முதலில் கதைச் சுருக்கத்தைத் தமிழில் பேசிக்கொள்ளுங்கள். பம்மல் சம்பந்த முதலியார் 'ஹாம்லெட்'டை 'அமலாதித்யன்' என்றும், 'வெனிஸ் வணிக'னை 'வாணீபுர வணிகன்' என்றும் தமிழாக்கினார். ஷேக்ஸ்பியரைத் தமிழில் பேசுவது நமக்குப் பழைய வழக்கம்தான்.

2. ஒரு நாளைக்கு ஒரு காட்சி மட்டும். முதலில் புத்தகத்தில் பிள்ளை உரக்க வாசிக்கட்டும். பிறகு அந்தக் காட்சியைப் பாருங்கள்.

3. மறுமுறை பார்க்கும்போது புத்தகம் கையில் இருக்கட்டும். படம் விட்டுவிட்ட அடிகளுக்குப் பென்சிலால் ஓரக்கோடு போடச் சொல்லுங்கள். படம் புதிதாகச் சேர்த்ததைத் தனியே குறித்துக்கொள்ளட்டும். திரையின் அடியில் வரும் எழுத்துகள் படத்தின் வசனம்தான். பாடநூலின் வசனம் அல்ல.

4. யார், யாரிடம், எப்போது, ஏன் சொன்னார் என்று கேளுங்கள். இடஞ்சுட்டிப் பொருள் விளக்கும் வினாவுக்கு இதுவே பயிற்சி.

5. விடையை எழுதும்போது திரையை அணைத்துவிடுங்கள். மேற்கோள் புத்தகத்திலிருந்து மட்டுமே வரவேண்டும்.

ஓர் எச்சரிக்கை. திரையரங்குப் படங்கள் எல்லாம் பிள்ளைகளுக்காக எடுக்கப்பட்டவை அல்ல. ரோமன் போலன்ஸ்கியின் 'மாக்பெத்' (1971) படத்தில் ரத்தமும் வன்முறையும் அதிகம். 2004ஆம் ஆண்டு 'வெனிஸ் வணிக'னிலும் சிறுவர்களுக்கு ஏற்காத காட்சிகள் சில உண்டு. பெற்றோர் முதலில் தனியாகப் பார்த்து, தேவையான பகுதியை மட்டும் காட்டுவது நல்லது.

வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஒரு பள்ளி ஆண்டுக்குள் நாடகம் முழுவதையும் இப்படிப் பார்த்துவிடலாம். ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் பிள்ளை சொல்லட்டும். மனிதர்களின் குணத்துக்குப் பொருள் நாம் சொல்லலாம்.