மறதி நோயும் மழலையும்

முதுமையில் சிலர் முன்பு அறிந்ததையும் அறியாத நிலைக்குத் திருப்பப்படுவதைத் திருக்குர்ஆன் (16:70) கூறுகிறது. இது வெட்கி மறைக்க வேண்டியதன்று. இதற்குக் காரணமான மூளை நோய்களுள் ஒன்றை 1906-ல் ஜெர்மானிய மருத்துவர் அல்சைமர் விளக்கினார். அந்நோய் அவர் பெயராலேயே வழங்குகிறது.

பேரேட்டில் புதிய பக்கங்கள் முதலில் கிழிந்து, பழையவை நிற்பது போன்றது இது. காலையில் உண்டது நினைவிராது. 1973-ல் ஓட்டம் நின்ற ரஜூலா கப்பல் நினைவிருக்கும். "ரஜூலா வந்துவிட்டதா?" என்று வாப்பா கேட்டால், "கப்பல் ஏது?" என மடக்க வேண்டாம். "நீங்கள் வந்தபோது கப்பலில் கூட்டமா வாப்பா?" என்று கேட்போம். மனம் அமைதியுறும்.

வீட்டில் நாலு வயதுப் பிள்ளை இருப்பின், பெரியவருக்கு நோய், உன்மீது கோபமில்லை என்று சொல்லி வைப்போம். துணி மடிப்பது போன்ற சிறு வேலைகளை இருவருக்கும் சேர்த்துக் கொடுப்போம். ஆனால், துணையின்றி இருவரையும் விடலாகாது. அடுப்பும் வாசற்கதவும் ஆபத்தானவை.

இவ்விரு சுமையும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையிலேயே விழுகிறது. இந்நோயாளர் பலருக்கு மாலையில் தான் தடுமாற்றம் மிகும். நமக்கோ அது வியாபார நேரம்! அஸருக்குப் பின் ஒரு மணி நேரமேனும் கடையை ஆளிடம் விட்டு வீடு செல்வோம். முதியோரை எப்படிப் பேண வேண்டும் என்பதைப் பிள்ளை நம்மைப் பார்த்தே கற்கிறது.