நிலக்கரி மேடும் ஆடிட்டர் கையெழுத்தும்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையில் கடலோரமாகத் தொழில் நடத்துவோரிடையேயும், அங்குள்ள ஆலைகளின் பங்குகளில் தம் சிறு சேமிப்பைப் போட்டுவைத்திருப்போரிடையேயும், ஆடிட்டர் என்பவரைப் பற்றிச் சில நம்பிக்கைகள் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கின்றன. அவற்றுள் தலையாயது, ஒரு கம்பெனியின் கணக்கை எழுதுகிறவரே ஆடிட்டர்தாம் என்பது. சிறு வியாபாரி ஒருவர் தம் பில்களையும் பாங்குப் புத்தகத்தையும் ஒரு பையில் திணித்து ஆடிட்டர் ஆபீசில் கொடுத்துவிட்டு, வருமான வரி விஷயத்தை அத்துடன் மறந்துவிடும் வழக்கத்தில் பிறந்த பிரமை இது. கம்பெனிகளுக்கு விதி வேறு. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 134ஆவது பிரிவு, கணக்குகளுக்குரிய பொறுப்பை இயக்குநர்கள் ஏற்றுக் கையொப்பமிட வேண்டும் என்கிறது; 144ஆவது பிரிவோ, தணிக்கை செய்பவர் அதே கம்பெனிக்குக் கணக்கெழுதிக் கொடுக்கலாகாது என்று தடுக்கிறது. தேர்வெழுதிய மாணவனையே விடைத்தாள் திருத்தச் சொல்வது எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லாத வழக்கமல்லவா?

இதனினும் ஆழமாகப் பதிந்த மற்றொரு நம்பிக்கை உண்டு. ஆடிட்டர் கையெழுத்திட்டுவிட்டால் ஐந்தொகையிலுள்ள ஒவ்வொரு ரூபாயும் சரிபார்க்கப்பட்டுவிட்டது, எழுதியிருக்கும் சரக்கு எழுதியபடியே கிடங்கில் இருக்கிறது என்று நினைப்பதுதான் அது. இந்நினைப்பைச் சோதித்துப் பார்க்க, நம் பகுதியில் நடந்த ஒரு சம்பவத்தைக் காட்டிலும் தக்க உதாரணம் வேண்டியதில்லை.

2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அத்திப்பட்டிலுள்ள வட சென்னை அனல்மின் நிலையத்தைப் பார்வையிட்ட அன்றைய மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி, பதிவேட்டில் இருக்கும் நிலக்கரியில் 2.38 லட்சம் டன் களத்தில் இல்லை என்றும், அதன் மதிப்பு சுமார் 85 கோடி ரூபாய் என்றும் அறிவித்தார். டன்னுக்கு 3,500 ரூபாய்ச் சொச்சம். கப்பல் கணக்கில் சொன்னால், பெரிய கப்பல்கள் மூன்று நான்கு சுமந்துவரும் பாரம். இத்தகைய செய்தியைக் கேட்டவுடன், ‘யார் திருடினார்கள்?’ என்பது முதற்கேள்வியாகவும், ‘ஆடிட்டர் என்ன செய்துகொண்டிருந்தார்?’ என்பது இரண்டாவது கேள்வியாகவும் எழுவது இயல்பே. ஆனால் இரண்டு கேள்விகளுக்கும் முன்னதாகக் கேட்க வேண்டியது மற்றொன்று இருக்கிறது: அந்தக் கரியை யார், எப்படி அளந்தார்கள்?

ஒடிசாவின் தால்சேர்ச் சுரங்கங்களில் வெட்டப்பட்டு, ரயிலில் பாரதீப் துறைமுகம் சேர்ந்து, அங்கிருந்து கப்பலேறி எண்ணூரிலுள்ள காமராஜர் துறைமுகத்தில் இறங்கி, கன்வேயர் பட்டையில் ஓடி மின்நிலையக் களத்தில் குவியும் நிலக்கரி, வழிநெடுக ஒரே தராசில் நிறுக்கப்படுவதில்லை. கப்பலில் இருக்கும் பாரத்தை, சரக்கு இறக்குமுன்னும் இறக்கிய பின்னும் கப்பலின் பக்கவாட்டிலுள்ள ஆழக்குறிகளைப் படித்து, கடல்நீரின் அடர்த்தியையும் கப்பலின் நிலைநீரையும் கணக்கில் கொண்டு அனுமானிக்கிறார்கள். கன்வேயரில் ஓடும்போது பட்டைத் தராசு ஒரு கணக்குச் சொல்கிறது. களத்தில் மலையாகக் குவிந்த பிறகோ நிறுக்கவே வழியில்லை. சர்வேயர்கள் மேட்டின் நீள அகல உயரங்களை அளந்து கன அளவு கண்டு, அதை ஓர் அடர்த்தி எண்ணால் பெருக்கி எடையாக்குகிறார்கள். 10 லட்சம் கன மீட்டர் கொண்ட மேட்டில் அந்த அடர்த்தியை 0.90 என்று கொள்வதற்கும் 0.85 என்று கொள்வதற்கும் இடையே 50,000 டன் வித்தியாசம் முளைத்துவிடும். புல்டோசர் எவ்வளவு அழுத்தியது, வடகிழக்குப் பருவமழையில் மேடு எவ்வளவு நனைந்தது என்பனவெல்லாம் அவ்வெண்ணை மாற்றக்கூடியவை. போதாததற்கு, குவியலின் உள்ளே சூடேறித் தானே புகைந்து எரிவதும் நிலக்கரியின் சுபாவம். காற்றில் பறப்பது எவ்வளவு என்று எண்ணூர்க் குடித்தனக்காரர்களிடம் கேட்டால், துணி காயவைக்கும் கொடியைக் காட்டுவார்கள். ஆண்டுதோறும் நேரும் சிறுசிறு குறைவுகளைக் கணக்கிலிருந்து கழிக்காமல் விட்டுவந்தால், ஏட்டுக் கரி வளர்ந்துகொண்டே போகும். இந்த நிச்சயமின்மையின் மறைவில் திருட்டும் சௌகரியமாக ஒளிந்துகொள்ளலாம் என்பதையும் மறுப்பதற்கில்லை.

அத்திப்பட்டில் நிகழ்ந்தது இவற்றுள் எது என்பதை விசாரணையல்லவா தீர்மானிக்க வேண்டும்? அளப்பதும், வித்தியாசத்தை அவ்வப்போது கணக்கில் காட்டுவதும் நிர்வாகத்தின் கடமை என்பது மட்டும் தெளிவு. ஆடிட்டருடைய கடமை என்ன? சரக்கிருப்பின் மதிப்பு கணிசமானதாக இருக்குமானால், இருப்பெடுக்கும் இடத்துக்கு அவர் நேரில் போக வேண்டும். அளக்கும் முறை தக்கதுதானா என்று ஆராய வேண்டும். அடர்த்தி எண் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். ஒரு வகைச் சரக்கில் மொத்தமாகப் பத்து சதவீதமோ அதற்கு மேலோ வித்தியாசம் காணப்பட்டதா, அது கணக்கில் சரிவரத் தீர்க்கப்பட்டதா என்று தம் அறிக்கையில் எழுத வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் கம்பெனித் தணிக்கை அறிக்கை ஆணை விதிக்கிறது. ஒவ்வொரு டன்னுக்கும் அவர் ஜாமீன் அல்லர். மாதிரிகளைப் பரிசோதித்து, கணக்குகள் உண்மையும் நியாயமுமான தோற்றம் தருகின்றன என்று தம் அபிப்பிராயத்தைச் சொல்பவர். நியாயமான அளவு உறுதி என்பதே சட்டம் அவரிடம் எதிர்பார்ப்பது.

இதைச் சொன்னவுடன், ஆடிட்டர்களே சிலர் கையிலெடுக்கும் எதிர்த்திசை நம்பிக்கை ஒன்றைக் கண்டிக்காமல் விட முடியாது. மோசடி கண்டுபிடிப்பது தங்கள் வேலையே அல்ல என்பது அவர்கள் வாதம். 1896இல் இங்கிலாந்தில் கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கில், சரக்கிருப்பை ஆண்டுக்கணக்காக மிகைப்படுத்தி எழுதிய மேலாளரின் சான்றை நம்பிய ஆடிட்டர்களை நீதிமன்றம் பொறுப்பாக்கவில்லை; அந்தத் தீர்ப்பின் நிழலிலேயே பலர் அநேக வருஷங்கள் சுகமாக உட்கார்ந்திருந்தார்கள். 1938இல் அமெரிக்காவில் மக்கெஸன் ராபின்ஸ் என்னும் மருந்துக் கம்பெனியின் கிடங்குகளில் இருந்ததாக எழுதப்பட்ட சரக்கில் ஒரு பகுதி கற்பனை என்று வெளிப்பட்ட பின்னர்தான், இருப்பை நேரில் பார்ப்பது தொழில்முறையின் விதியாயிற்று. நம் நாட்டில் 2009 ஜனவரியில் வெடித்த, பாங்கில் இல்லாத பணத்தை இருப்பதாகக் கணக்கில் காட்டிய சத்யம் கம்பெனியின் விவகாரமோ இன்னும் வெட்கக்கேடானது. கரி மேட்டை அளப்பது கஷ்டம். பாங்கில் பணம் இருக்கிறதா என்று பாங்கையே நேராகக் கேட்பதில் என்ன கஷ்டம்? 2015இல் அவ்வழக்கில் தண்டனை பெற்றவர்களுள் ஆடிட்டர்கள் இருவரும் இருந்தனர். இன்றைய சட்டப்படி, கம்பெனி அதிகாரிகளோ ஊழியர்களோ ஒரு கோடி ரூபாயோ அதற்கு மேலோ மோசடி செய்ததாக நம்ப ஆதாரம் கிடைத்தால், ஆடிட்டர் மத்திய அரசுக்கே தெரிவித்தாக வேண்டும்.

தணிக்கையெல்லாம் சர்க்கார் விதித்த வீண் செலவு என்று அலுத்துக்கொள்ளும் முதலாளிகளுக்கு, 1906 அக்டோபர் 22ஆம் தேதி சென்னைக் கடற்கரைச் சாலையில் கதவடைத்த அர்பத்நாட் கம்பெனி என்ற பாங்கை நினைவூட்டினால் போதும். அது கூட்டு வியாபாரம். வெளியார் கணக்கைப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு போயிற்று. சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறை சென்றார்.

அரசாங்க ஸ்தாபனங்கள் எல்லாவற்றையும் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியே பார்க்கிறார் என்ற எண்ணமும் பாதி உண்மைதான். சென்னைத் துறைமுகத்தின் கணக்கை அவரே தணிக்கை செய்கிறார். காமராஜர் துறைமுகமோ கம்பெனியாகப் பதிவு பெற்றது. ஆகையால் அவர் நியமிக்கும் சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் நிறுவனம் முதலில் தணிக்கை செய்ய, அதன்மேல் அவர் துணைத் தணிக்கை நடத்திக் குறிப்பு எழுதலாம். அனல்மின் நிலையத்தை நடத்திய மின் உற்பத்திக் கழகமும் இவ்வகையே. எண்ணூரின் அசோக் லேலண்டிலும் திருவொற்றியூரில் பிறந்த எம்.ஆர்.எஃப்.இலும் ஆடிட்டரை நியமிப்பவர்கள் பங்குதாரர்கள்.

நியமிப்பவர் பங்குதாரர் என்றாலும் கட்டணம் கம்பெனிப் பணத்திலிருந்தே போகிறது. ஆகவே ஆடிட்டர் நிர்வாகத்தின் ஆள்தான் என்பது கடைசி நம்பிக்கை. இதை முழுப் பொய் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பட்டியலிடப்பட்ட கம்பெனியில் ஒரே தணிக்கை நிறுவனம் தொடர்ந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கலாகாது என்ற விதியும், தவறிழைக்கும் ஆடிட்டர்களைத் தண்டிக்க 2018இல் தோன்றிய தேசிய நிதி அறிக்கை ஆணையமும், இந்தச் சந்தேகத்தில் சாரம் இருக்கிறது என்று சட்டமே ஒப்புக்கொண்டதன் அடையாளங்கள். பொதுக்கூட்டத்தில் ஆடிட்டர் நியமனத் தீர்மானம் வரும்போது வாக்களிக்கச் சிரமப்படும் சிறு பங்குதாரர் எத்தனை பேர்? ஆண்டறிக்கையில் ஆடிட்டரின் அபிப்பிராயம் நிபந்தனைக்குட்பட்டதா, பாதகமானதா, அன்றி அபிப்பிராயமே சொல்ல மறுத்தாரா என்று அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பவர் அதனினும் குறைவு. பெரும்பாலோர் டிவிடெண்டைச் சொல்லும் வரியோடு நின்றுவிடுகிறார்கள்.