நிழலைக் கொண்டு உயரம் காணல்

வானூர்தியிலிருந்து நேர்கீழாக எடுத்த ஒளிப்படத்தில் கோபுரமும் கிணறும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். இரண்டும் சிறு வட்டங்கள்தாம். ஆயினும் வெயில் வேளையில் கோபுரத்தின் நிழல் தரைமீது நீண்டு கிடக்கும். கிணற்றின் நிழலோ அதனுள்ளேயே அடங்கிவிடும்.

இரண்டாம் உலகப்போரின்போது, பகைவர் நாட்டின்மேல் பறந்து எடுத்த படங்களை ஆராயும் நிலையம் ஒன்று இங்கிலாந்தில் மெட்மனம் என்னும் ஊரில் இயங்கியது. அங்கு வானொலி, ரேடார் நிலையங்களைப் படங்களில் தேடிக் கண்டறியும் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் கிளாட் வேவெல். கம்பத்தின் உயரம் தெரிந்தால் அது எதற்காக நடப்பட்டது என்பதை ஊகிக்கலாம். ஆனால், அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பகைவர் எல்லைக்குள் யார் செல்வது? அந்த ரேடார்களின் பார்வையில் பறந்தாகவேண்டிய விமானிகளின் உயிரோ இவ்வாராய்ச்சியை நம்பியிருந்தது. வேவெல் நிழலை அளந்தார்.

நிழலின் நீளம் மட்டும் போதாது. காலையில் நீளும் நிழல் நண்பகலில் குறுகும் அன்றோ? படம் எடுத்த இடம், நாள், மணி ஆகியவை தெரிந்தால், அப்போது கதிரவன் தொடுவானத்திற்கு மேல் எத்தனை பாகையில் நின்றது என்பதைக் கணக்கிடலாம். 45 பாகை எனில், நிழலின் நீளமே பொருளின் உயரம். 30 பாகை எனில், உயரம் நிழலின் நீளத்தில் 0.58 பங்கே. இக்கணக்கை விரைந்து முடிக்க வேவெல் தாமே ஒரு கருவியை அமைத்தார். அதன் பெயர் ஆல்டாசிமீட்டர்.

அளப்பதில்தான் தொல்லை மிகுதி. படத்தில் 1 மில்லிமீட்டர் தரையில் 10 மீட்டரைக் குறிக்குமாயின், கால் மில்லிமீட்டர் பிசகினாலும் நிழலின் நீளத்தில் இரண்டரை மீட்டர் பிழை நேரும். தரை சமமாக இராவிடில் கணக்கே மாறும். நிழல் பள்ளத்தை நோக்கி விழுந்தால் அது மேலும் நீளும். குட்டையான கம்பமும் நெடியதாகத் தோன்றும். நிழலின் நுனி புதரில் மறைந்தால் வேறொரு படத்தைத் தேட வேண்டியதுதான்.

படம் எடுத்த நேரம் தெரியாதபோதும் ஒரு வழி உண்டு. ஒரே படத்திலுள்ள பொருள்கள் யாவற்றுக்கும் கதிரவனின் நிலை ஒன்றே. ஆதலால், உயரம் தெரிந்த பொருள் ஒன்று அப்படத்தில் இருந்தால் போதும். சமதரையில் விழும் மற்ற நிழல்களை அதன் நிழலோடு ஒப்பிடலாம். தில்லியின் குதுப்மினார் ஏறத்தாழ 73 மீட்டர் உயரமுடையது.

பயிற்சி: ஒரு படத்தில் குதுப்மினாரின் நிழல் 20 மில்லிமீட்டர், சமதரையில் நிற்கும் மேல்நிலை நீர்த்தொட்டி ஒன்றின் நிழல் 5 மில்லிமீட்டர். தொட்டியின் உயரத்தைக் கணக்கிட்டு, விடையை முழுச் சொற்றொடரில் எழுதுக.